கதவுப் பக்கத்து இருக்கை

2019 நவம்பர் 18, திங்கள்

கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலத்தில், மாணவர்களை மலைக்கு அழைத்துப் போகும் முன் ஒன்று சொல்வேன். எதைப் பார்க்கப் போகிறோம் என்று நினைக்கிறீர்களோ, அதை முதலில் எழுதிவிடுங்கள். பார்த்து முடித்த பிறகு 'எனக்கு அப்போதே தெரியும்' என்று யாரும் சொல்ல முடியாது. இந்த விதியை என் சொந்த விஷயத்தில் நான் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை. இப்போதாவது முயல்கிறேன். வரும் வாரங்களில் இங்கே எழுத வேண்டியிருப்பவை:

1. என் இதய வால்வு. சுருங்கிவிட்டது, மாற்றலாம் என்கிறார் டாக்டர். டிசம்பர் நடுவுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்குப் பயம்.

2. எட்வின் பொன்னையாவின் வருகை. விமானப்படையில் விங் கமாண்டராக ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். மெல்போர்னில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போகிறாராம். போகும் முன் என் மனைவி வடிவைப் பார்க்க வேண்டுமாம். டிசம்பர் முதல் வாரம் திருச்சியில் எங்கள் வீட்டில் தங்குவார்.

3. வடிவுக்கு நான் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஆதாரம்: மணமாகி நாற்பது ஆண்டுகளில் 'இதைச் செய்யுங்கள்' என்றோ 'இது வேண்டாம்' என்றோ அவள் என்னிடம் சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் ஒரே பதில்: 'உங்க இஷ்டம் சார்.'

4. கோமதிநாயகம் பயம் அறியாதவர். வடிவின் முதல் கணவர். எட்வின் ஓட்டிய விமானத்தில் வழிகாட்டியாக, அவர்கள் சொல்வதுபோல் நேவிகேட்டராக, இருந்தவர். எதிரி நாட்டின் மேலே விமான எதிர்ப்புப் பீரங்கி தாக்கியபோது குதித்தார். பிறகு எந்தத் தகவலும் இல்லை. விமானம் ஓட்டைகளோடு திரும்பி வந்துவிட்டது.

5. எனக்கு இருப்பது பொறாமை அல்ல. அதற்கு வேறு பெயர் இருக்க வேண்டும். கிடைத்ததும் எழுதுகிறேன்.

நவம்பர் 20

முன்னறையை ஒழித்தோம். அங்கே இருந்த என் உலர்தாவரக் கட்டுகள் மாடிக்குப் போய்விட்டன. மூச்சு வாங்கியதால் நான் மூன்று கட்டுகள்தான் தூக்கினேன். மற்றதையெல்லாம் வேலைக்கு வரும் செல்லம்மா தூக்கினாள்.

வடிவு ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டினாள். "அஞ்சாறு நாள் தங்கப் போறவருக்குப் புதுத் திரையா?" என்று கேட்டேன். "பழசு கிழிஞ்சிருக்கே சார்" என்றாள். அது மூன்று வருடமாகக் கிழிந்துதான் இருக்கிறது.

அவள் என்னை 'சார்' என்று அழைப்பதை விளக்க வேண்டும். எங்கள் துறை ஆய்வகத்துக்கு அவள் உதவியாளராக வந்தபோது நான் விரிவுரையாளர். எல்லாரும் சார் என்றார்கள், அவளும் சார் என்றாள். மணமான பிறகும் அது மாறவில்லை. கோமதிநாயகம் அவளுக்கு அத்தை மகன். அவரை 'அத்தான்' என்றுதான் அழைத்திருப்பாள். இது என் ஊகம். என் காதுபட அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

நவம்பர் 23

டாக்டரைப் பார்த்தோம். சிறு வயது, நல்ல பையன்.

"மருந்துல தள்ளலாம் சார். ஆனா எவ்ளோ நாளைக்குன்னு நான் சொல்ல முடியாது. ஆபரேஷன்ல ரிஸ்க்கே இல்லன்னும் சொல்ல மாட்டேன், உங்க வயசுக்கு. வீட்ல பேசிட்டு சொல்லுங்க."

வீடு பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். வடிவு பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரும் அவளைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" அவள் என்னைக் கைகாட்டினாள்.

ஆட்டோவில் கேட்டேன். "என்ன வடிவு, பண்ணிக்கலாமா?"

"உங்க உடம்பு சார். உங்க இஷ்டம்."

பிறகு ஆட்டோக்காரரிடம், "தம்பி, பள்ளத்துல பாத்துப் போங்க, மெதுவா" என்றாள். ஆட்டோக்காரரிடம் சொல்ல அவளுக்கு ஒரு கருத்து இருக்கிறது.

அவள் ஒரு சொல் சொல்லட்டும். செய்யுங்கள் என்றால் செய்வேன். வேண்டாம் என்றால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் இருக்கிறது என்ற நிம்மதியோடு மருந்தை விழுங்குவேன். இரண்டில் எதுவானாலும் சரி. இதைவிடத் தெளிவாக என் நிலையை எழுதத் தெரியவில்லை.

நவம்பர் 25

ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல். உப்பில்லாத குழம்பு. பல் தேய்க்கும்போது தோன்றியது: கோமதிநாயகத்துக்கு வால்வு சுருங்காது. அவருக்கு எப்போதும் இருபத்தொன்பது வயது.

நவம்பர் 29

எட்வின் வரும் தேதி நெருங்க நெருங்கப் பழையதெல்லாம் மேலே வருகிறது. ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

போர் முடிந்த பிறகு கைதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். கோமதிநாயகம் அவர்களில் இல்லை. இறந்ததாகவும் சொல்லவில்லை. 'காணவில்லை' என்றார்கள். ஏழு ஆண்டுகள் கழிந்த பின்புதான் இறந்தவராகக் கருதப்பட்டார். அடுத்த ஆண்டு நான் வடிவைக் கேட்டேன். ஒரு வாரம் கண்ணாடி முன் பேசிப் பார்த்துவிட்டு, ஆய்வகத்தில் அவள் நுண்ணோக்கித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை; மிக நீளமாகச் சொன்னேன். குழாயை மூடாமலே, "உங்க இஷ்டம் சார்" என்றாள்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவளுடைய அண்ணன்கள் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து என் துறைத் தலைவர். என் வாழ்நாளில் நான் செய்த துணிச்சலான காரியம் அது ஒன்றுதான். அதையும் அவள் விருப்பப்பட்டாளா என்று தெரியாமலே செய்திருக்கிறேன்.

இறந்தவருக்குத் திதி உண்டு. அன்று வீட்டில் என்ன செய்வது என்று தெரியும். காணாமல் போனவருக்கு அது கிடையாது. அவர் குதித்த நாளான டிசம்பர் ஆறாம் தேதி, ஒவ்வோர் ஆண்டும் நான் வடிவைக் கவனிப்பேன். இட்லி வைப்பாள், துணி உலர்த்துவாள், பேப்பர் படிப்பாள். ஒன்றும் நடக்காது. அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லவாவது ஓர் இடம் இருந்திருக்கும். வாசல் கேட் சத்தம் கேட்டால் இன்றுகூட முதலில் எழுந்து போவது நான்தான்.

டிசம்பர் 2

எட்வின் பொன்னையா வந்தார். உயரம், வழுக்கை, கையில் தடி. ஆனால் தடியை ஊன்றவில்லை, அலங்காரமாக வைத்திருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர். வடிவு பிறந்ததும் அங்கே பக்கத்தில்தான்.

அண்ணியை அவர்கள் ஊரில் அழைப்பதுபோல் கேட்டிலிருந்தே கூவினார். "மைனி! ஆளைத் தெரியுதா?"

"தெரியாம என்ன? தலையில முடியைத்தான் காணல."

"முடி போச்சு, வாய் இருக்கு."

"அது எங்க போவும்? வாங்க கொழுந்தனாரே, உள்ள வாங்க. வெயில்ல நிக்கீங்க."

நான் பின்னால் நின்றிருந்தேன். நாற்பது ஆண்டுகளில் இந்தப் பேச்சை நான் கேட்டதில்லை. என்னிடம் அவள் பேசுவது வேறு தமிழ். வகுப்பில் பேசுவதுபோல் ஒதுங்கி நிற்கும் தமிழ். இது எங்கே இருந்தது இவ்வளவு காலம்?

மதியம் சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, கூட இஞ்சித் துவையல். அதையும் நான் இந்த வீட்டில் பார்த்ததில்லை. நன்றாக இருந்தது என்றேன். "உங்களுக்குப் பிடிக்குமோ என்னமோன்னு வைக்கல சார்" என்றாள். எட்வின் போதும் என்று கையை மறைத்தபோது, "கையை எடுங்க. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்கிடுங்க. சும்மா இருங்க" என்று ஊற்றினாள்.

அவருக்கு உத்தரவிடுகிறாள். மூன்றாம் குறிப்புக்குக் கூடுதல் ஆதாரம்.

டிசம்பர் 3

சொதி மிச்சம் இருந்தது. அதிலிருந்த முருங்கைக்காய்த் துண்டு ஒன்றை எட்வின் கையில் எடுத்தார்.

"மைனி, இதுதான் எங்க கான்பெரா விமானம். மேல கண்ணாடிக் குமிழிக்குள்ள நான். கீழ, கதவுப் பக்கத்துல அண்ணாச்சி."

கோமதிநாயகத்தை அவர் அண்ணாச்சி என்கிறார். எட்வினைவிட மூன்று வயது மூத்தவராம். ரசத் தம்ளர்கள் பீரங்கிகளாயின. முருங்கைக்காய் அவற்றின் மேல் தாழ்வாகப் பறந்தது.

"கீழருந்து செவப்பா உருண்டை உருண்டையா வரும். மொதல்ல பைய வாறாப்ல இருக்கும், எலுமிச்சம்பழத்தை யாரோ தூக்கிப் போட்டாப்ல. கிட்ட வந்த பொறகுதான் தெரியும், அது என்ன வேகம்னு. நாங்க குண்டைப் போட்டுட்டுத் திரும்புதோம். மூக்குல குப்புறப் படுத்துக் குறி பாத்த அண்ணாச்சி, எந்திரிச்சுத் தன் சீட்டுக்கு வந்துட்டாக. அப்பம் விழுந்துச்சு அடி. தகர டப்பாக்குள்ள கல்லைப் போட்டு ஆட்டுனாப்ல. எஞ்சின் ஒண்ணு தீப்பிடிச்சிட்டு. அண்ணாச்சிக்கு இடப்பக்கம் கதவு..."

"வலப்பக்கம்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மன்னிக்கணும். அந்த வகை விமானத்தில் கதவு வலப்பக்கம் என்று நினைக்கிறேன்."

எட்வின் கண்ணை மூடி யோசித்தார். பிறகு மேசையைத் தட்டினார். "ஆமா! வலப்பக்கம்! பறந்த எனக்கு மறந்துட்டு, சாருக்கு எப்படித் தெரியும்?"

"எங்கேயோ படித்தது."

"எங்க சார் படிச்சீங்க?" என்று வடிவு கேட்டாள்.

விமானங்களில் எனக்குப் பொதுவான ஆர்வம் உண்டு என்று சொன்னேன். (வேறு எந்த விமானத்தைப் பற்றியும் நான் படித்ததில்லை. லண்டனிலிருந்து தபாலில் வரவழைத்த கான்பெரா புத்தகம், மாடியில் பழனிமலைத் தாவரங்கள் பற்றிய தொகுதிகளுக்குப் பின்னால் இருக்கிறது.)

எட்வின் சொல்லாமல் விட்ட ஒன்றும் அந்தப் புத்தகத்தில் உண்டு. ஆபத்து வந்தால் விமானியின் இருக்கை அவரோடு சேர்ந்து வெளியே பாய்ந்துவிடும். நேவிகேட்டருக்கு அந்த வசதி கிடையாது. கொக்கியில் தொங்கும் பாராசூட்டை எடுத்து மார்பில் மாட்டி, கதவைத் தானே திறந்து, காற்றுக்குள் தன்னைத் தள்ளிக்கொள்ள வேண்டும். அதனால் அவர் முதலில் போக வேண்டும். அவர் உள்ளே இருக்கும்வரை விமானி போகக்கூடாது.

"நான் 'குதிங்க அண்ணாச்சி'ன்னேன். குதிச்சாக" என்று எட்வின் வேகமாக முடித்து, விமானத்தை வாயில் போட்டு மென்றார். வடிவு சோறு எடுக்க உள்ளே போனாள். சோறு மேசை மேலேயே இருந்தது.

டிசம்பர் 4

காலையில் எட்வினும் நானும் பூங்காவில் நடந்தோம். எனக்காக மெதுவாக நடந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும், "சார், உங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "நேத்து மைனிட்டச் சொன்னது ரிப்போர்ட்ல உள்ளது. நடந்தது அது இல்ல."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அடி விழுந்ததும் இன்டர்காம் செத்துட்டு. நான் பேசுனா அவருக்குக் கேக்காது, அவர் பேசுனா எனக்குக் கேக்காது. எஞ்சின்ல தீ. அணைக்கிற பட்டனை அமுக்கிட்டு வண்டியை நிமித்துறதுலயே இருந்தேன். தீ அணைஞ்சிட்டு. 'தப்பிச்சோம் அண்ணாச்சி'ன்னு கத்துதேன், கீழருந்து குளுந்த காத்து வருது. குனிஞ்சு பாத்தா கதவு இல்ல. கொக்கியில பாராசூட்டும் இல்ல. நான் குதிக்கச் சொல்லவே இல்ல சார். அவராத்தான் போயிட்டாரு. கொஞ்சம் பொறுத்திருந்தா, காலைல மெஸ்ல என்கூட உக்காந்து முட்டை தின்னிருப்பாரு."

"பிறகு ஏன் உத்தரவு கொடுத்ததாக எழுதினீர்கள்?"

"பின்ன? சொல்லாமப் போனாருன்னு எழுதவா? வாசிக்கிறவன் என்ன நெனப்பான்? இன்னைக்கு எழுதச் சொன்னாலும் அதான் எழுதுவேன்."

"பயந்துவிட்டாரா?"

கேட்ட குரல் என்னுடையதுதான். எட்வின் தடியால் தரையில் கோடு போட்டார். "தெரியல சார். கூப்பிட்டிருப்பாரு, பதில் இல்ல. நான் செத்துட்டேன்னு நெனச்சிருக்கலாம். பயந்தும் இருக்கலாம். அங்க போய்ப் பயப்படாதவன் எவன்? எனக்கு மூத்திரம் போச்சு, சொன்னா என்ன." பிறகு கேட்டார்: "ஊரை விட்டுப் போறேன். இனிமே வாறதுக்கில்ல. மைனிட்டச் சொல்லணுமா, சொல்லாமப் போயிரணுமா? நீங்க அவுக வீட்டுக்காரர். நீங்க சொல்லுதபடி செய்யுதேன்."

ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றிய உண்மையை அறிய அவருக்கு உரிமை உண்டு. இது என் நெடுநாளைய கருத்து. எனவே, "சொல்லிவிடுங்கள்" என்றேன்.

திரும்பும்போது மூச்சு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு தோசை சாப்பிட்டேன். நடந்ததன் பலனாக இருக்கலாம்.

டிசம்பர் 5

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார். வடிவு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தின் வழியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு சிலை விழுவதைப் பார்க்கக் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் என்னைப் போல் ஒருவர்தான் என்று அவள் தெரிந்துகொள்ளும் அந்த நொடி எனக்கு வேண்டியிருந்தது.

அவள் கை நிற்கவில்லை. முழுவதும் கேட்ட பிறகு, "கதவை அவுகளாத் திறந்தாகளா?" என்றாள்.

"ஆமா மைனி."

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே?"

"நான் சொல்லவே இல்ல மைனி."

"அப்பம் நான் சொன்னதத்தான் கேட்டிருக்காக."

உரித்த மொச்சையைத் தோலோடு சேர்த்துக் கொட்டிவிட்டாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எட்வின் என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுதாங்க?" எனக்கும் தெரியவில்லை. நான் எதிர்பார்த்த முகம் அது இல்லை. அதில் ஏமாற்றம் இல்லை. ஏதோ ஒன்றுக்கு விடை வந்து, அந்த விடையும் அவள் பயந்ததாகவே இருந்ததுபோல் இருந்தது.

டிசம்பர் 6

எட்வின் சர்ச்சுக்குப் போய் வந்தார். வடிவு இட்லி வைத்தாள், பாத்திரத்தில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாள். அடி கருகி வீடெல்லாம் வாடை. பன் வாங்கிச் சாப்பிட்டோம்.

டிசம்பர் 7

எட்வின் கிளம்பினார். கேட்டில் நின்று, "நான் வந்தது தப்பா மைனி?" என்று கேட்டார்.

"தப்புன்னு யார் சொன்னா? நீங்க வராம யார் வருவா?" என்றாள். அவர் கண்ணைத் துடைத்தார். "போங்க கொழுந்தனாரே. ஆஸ்திரேலியாவுல போய்க் கங்காருகிட்ட வாயாடுங்க."

கார் திரும்பும்வரை நின்றாள். நானும் நின்றேன், அவளுக்குச் சற்றுப் பின்னால்.

டிசம்பர் 8, ஞாயிறு

மொட்டை மாடியில் கூழ்வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். நான் காக்கை விரட்டக் குடையோடு உட்கார்ந்திருந்தேன். கேட்காமலே பேசினாள். அதுவும் அந்தத் தமிழில்.

"ஆக்ராவுல ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸ்ல, நேவிகேட்டர் பொண்டாட்டிக நாங்க தனியாத்தான் உக்காருவோம் சார். பைலட் வீட்டுப் பொம்பளைங்களுக்கு அந்தக் கவலை இல்ல. அவங்க ஆளை சீட்டே வெளிய தூக்கிப் போட்டுரும். எங்க ஆளுகளுக்குக் கதவுதான். ஒரு பஞ்சாபிக்காரி சொல்லுவா, 'என் வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டேன், யாரையும் பாக்காத, கதவைத் தொறன்னு.' எல்லாரும் அப்படித்தான் சொல்லி அனுப்பணும்பா."

பிழிந்த கை நின்றது.

"நானும் சொன்னேன். அடி பட்டா ஒரு நிமிசம் நிக்காதீங்க அத்தான், யார் சொல்லுக்கும் காத்திருக்காதீங்க, நீங்க மொதல்ல போயிருங்கன்னேன். அவுக சிரிச்சாக. 'எட்வினை விட்டுட்டா?'ன்னாக. நான் விடல. என் தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணிட்டுத்தான் போனாக."

"அவருக்குப் பயமா?" என்று கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பயம் எனக்கு சார். அவுகளுக்கு என்ன."

அச்சில் மறுபடி கூழை அள்ளிப் போட்டாள். "கொழுந்தனார் சொல்லித்தான் குதிச்சாகன்னு அப்ப வந்து சொன்னாங்க. அது ஒரு நிம்மதி எனக்கு. உத்தரவு வந்துச்சு, போனாக. நான் சொன்னதுனால இல்ல. முழுசா நம்பலைன்னாலும், பிடிச்சிக்கிடதுக்கு அது ஒண்ணு இருந்துச்சு. உள்ளயே இருந்திருந்தா வீடு வந்து சேந்திருப்பாக. ஒரு சொல்லு சார். அதுக்கப்புறம் நான் உங்களுக்கு..."

காக்கை இறங்கிவிட்டது. நான் குடையை ஆட்டவில்லை. அவளே கையை வீசி விரட்டினாள். விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒன்றை, சொல்லிவிடுங்கள் என்று எட்வினிடம் கூறிப் பிடுங்கியது நான். காரணம் உண்மையை அறியும் உரிமை அல்ல. அந்த நான்கு தோசைகளைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன்.

டிசம்பர் 9

இவ்வளவு தெரிந்த பிறகும் இன்று முழுவதும் எனக்குத் தோன்றிக்கொண்டிருப்பது ஒன்றே: அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. அவருக்காக அவள் அவ்வளவு பயந்தாள். இது எப்படிப்பட்ட மனம் என்று தெரியவில்லை.

மருந்துக் கடைக்குப் போனேன். நாளை மறுநாள் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 10

காலைக் காப்பியின்போது சொல்லிவிட்டேன். "எட்வினை உன்னிடம் சொல்லச் சொன்னது நான்தான்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"நடந்துட்டு வந்தப்பவே உங்க மூஞ்சியப் பாத்தேன். நாலு தோசை தின்னீங்க. நீங்க என்னைக்கு ரெண்டுக்கு மேல தின்னிருக்கீங்க?"

"கோபம் இல்லையா?"

"இருந்துச்சு. நேத்து வரைக்கும் இருந்துச்சு." தம்ளரைக் கழுவினாள். "மாடியில உங்க தாவரக் கட்டை அடுக்கும்போது அந்த ஏரோபிளேன் புஸ்தகத்தையும் பாத்தேன். ஓரம் பூரா கோடு போட்டு வச்சிருக்கீங்க. பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி." சிரித்தாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள்.

டிசம்பர் 11

காலையில் தீர்மானித்துவிட்டேன். அறுவை வேண்டாம். வேண்டாம் என்று சொல்வதற்குத் தைரியம் தேவையில்லை, மருந்து போதும். மேலும், அவளிடம் இனி எதையும் கேட்டு நெருக்கக் கூடாது என்றும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டிருந்தது. வடிவு சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு சார்?"

"டாக்டருக்கு. வேண்டாம்னு சொல்லிடறேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை."

அந்தப் பக்கம் யாரோ 'ஹலோ' என்றார்கள்.

"போனை வைங்க" என்றாள்.

வைத்துவிட்டேன். நாற்பது ஆண்டுகளில் முதல் உத்தரவு, யோசிக்காமல் பணிந்துவிட்டேன்.

துருவலை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தாள். விரல்களில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. கொல்லைப் பக்கம் போய் நின்றாள். குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள்.

"பண்ணிக்கிடுங்க."

"என்ன?"

"ஆபரேஷன். பண்ணிக்கிடுங்கன்னு சொல்லுதேன். காது கேக்கலையா?"

நான் முட்டாள். சும்மா இருந்திருக்கலாம். "ஏதாவது ஆகிவிட்டால்?" என்று கேட்டேன்.

"ஆவக் கூடாது. அவ்வளவுதான்." சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மருந்தைத் தின்னுட்டு நாள் எண்ணிக்கிட்டு நீங்க உக்காந்திருக்கதை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? என்னால முடியாது. நான் சொல்லுதேன். நீங்க போங்க. போயிட்டு வாங்க." பிறகு, "குளிங்க, வெந்நி ஆறுது" என்றாள்.

மாலைக்குள் கீழ்க்கண்டவற்றையும் சொன்னாள்: ஸ்வெட்டரைப் போடுங்க. அந்தச் செருப்பு வழுக்கும், வேண்டாம். பேப்பரைக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் படிக்காதீங்க. நகத்தை வெட்டுங்க. செல்லம்மா என்னிடம் மெதுவாக, "அம்மாவுக்கு என்ன ஆச்சு ஐயா?" என்று கேட்டாள். நகத்தை வெட்டிக்கொண்டே, தெரியவில்லை என்றேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி. நாளைக் காலை அறுவை. வடிவு பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து, சாத்துக்குடி உரிக்கலாமா கூடாதா என்று நர்ஸிடம் வாதாடிக்கொண்டிருக்கிறாள். நர்ஸ் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பயம் குறையவில்லை. கூடியிருக்கிறது. இதுவரை என் உயிருக்குப் பயந்தேன். அது சிறிய பயம். இப்போது நான் திரும்பி வராவிட்டால், இரண்டாம் முறையும் தன் சொல்தான் அனுப்பியது என்று அவள் உட்கார்ந்திருப்பாள். அது தெரிந்தும் சொன்னாள். கூழ்வடகத்துக்குக் காக்கை இறங்கிய அன்று அவள் முடிக்காமல் விட்ட வாக்கியத்தை என்னால் இப்போது முடிக்க முடியும். ஒரு சொல்லால் ஒருவரை இழந்தவள், என்னை இழக்கக் கூடாது என்றுதான் இத்தனை ஆண்டுகள் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஆய்வகத்தில், குழாயடியில் நின்ற அந்த நாளிலிருந்தே.

நாளை பிழைத்தாக வேண்டும். வாழ்நாளில் எந்தக் காரியத்திலும் 'ஆக வேண்டும்' என்று நான் எழுதியதில்லை.

முதலில் எழுதிய பட்டியலைச் சரிபார்த்தேன். முதலாவது முடிவாகிவிட்டது. இரண்டாவது நடந்து முடிந்தது. நான்காவது பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கோமதிநாயகம் பயந்தாரா, கொடுத்த சத்தியத்துக்குக் கட்டுப்பட்டாரா, விமானி இறந்துவிட்டதாக நினைத்தாரா, அந்தக் கதவு மட்டுமே அறியும். ஐந்தாவதற்கு வேறு பெயர் இன்னும் கிடைக்கவில்லை. இன்று காலைகூட, "அத்தான்னு கூப்பிடவா உங்களை?" என்று அவள் விளையாட்டாகக் கேட்டபோது, அது அவருடையது என்று மனம் சுருங்கி, வேண்டாம், சார் என்றே கூப்பிடு என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது தவறு.